ஆளைக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லுங்கள்: வகுப்புக்கு அறிவியல் தன்னார்வலரைக் கொண்டுவருவது எப்படி

“எங்கள் பள்ளிக்கு ஒருநாள் வந்து மாணவர்களுக்கு அறிவியல் பற்றி நாலு வார்த்தை பேச முடியுமா?”

தன்னார்வலர்களின் மின்னஞ்சலில் பதில் இல்லாமல் கிடக்கும் கடிதங்கள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். படிப்பவருக்கோ எந்த வகுப்பு, எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்று ஒன்றும் தெரியவில்லை. அத்தனையையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரே தலைப்பு யோசித்து, அவரே ஸ்லைடும் தயாரிக்க வேண்டும். சாவகாசமாகப் பதில் போடலாம் என்று ஒதுக்கி வைப்பார். அதோடு அது போனதுதான்.

வர விரும்பும் பொறியாளர்களும் ஆய்வாளர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்ன வேலைக்கு வரச் சொல்கிறீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் பாடத்தைப் பிடியுங்கள், ஆளை அப்புறம் தேடலாம்.

எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும்

எல்லாப் பாடத்துக்கும் வெளியாள் தேவையில்லை. சூத்திரத்தைத் திரும்பச் சொல்லவும், தேர்வுக்கு முந்தைய வாரத்தை நிரப்பவும் கூப்பிட்டால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண். அளவெடுக்கும் பாடம், விடை ஒன்றாக வராத சோதனை, எதையாவது கட்டி உடைத்துப் பார்க்கும் செயல்திட்டம் ஆகிய மூன்றுக்கும் வெளியாள் உண்மையிலேயே பயன்படுவார். பாடப்புத்தகத்தில் சோதனை எப்போதும் சரியாகவே வரும். சோதனை சொதப்பும்போது என்ன செய்வது என்று தினமும் பார்க்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் லாபம்.

யாரைத் தேடுவது

பெரிய பேராசிரியரில் தொடங்க வேண்டாம். ஆய்வு மாணவர்களுக்கு நேரம் வளைந்து கொடுக்கும், வயதும் மாணவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும். ஓய்வு பெற்ற பொறியாளர்கள் வார நாளில் காலை பத்து மணிக்குக்கூடச் சொன்னபடி வந்துவிடுவார்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் சிரமம். வேலையில் இருக்கும் பொறியாளருக்கு அலுவலகத்தில் காட்ட, பள்ளியின் முத்திரையோடு ஒரு கடிதம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எல்லோரும் மறந்துபோகிறவர்கள் ஆய்வகத் தொழில்நுட்பாளர்கள், நில அளவையாளர்கள், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள். கைவேலை தெரிந்தவர்கள் இவர்கள்தான். எங்களைக் கேட்டால் முதல் அழைப்பு இவர்களுக்குத்தான் போக வேண்டும். மாணவர்களின் பெற்றோரிலேயே இப்படி ஒருவர் இருக்கக்கூடும், வருடத் தொடக்கத்தில் “வீட்டில் யாராவது எதையாவது அளக்கும், கட்டும், பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார்களா?” என்று ஒரு தாளில் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

யார் வருகிறார் என்பது வேறொரு விதத்திலும் முக்கியம். டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர்தான், அந்த 28 பேரும் சிறுமிகள். வருகைக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் வகுப்பிலும் இதே படத்தை வரையச் சொல்லி எடுத்து வையுங்கள். யாரை அழைப்பது என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.

கடிதம்

ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். மாதிரி இது:

“வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்கள் 36 பேர். அடுத்த மாதம் அளவீடு பாடத்தில் தனி ஊசலை வைத்து ஒரு சோதனை செய்கிறோம். பொருட்கள் தயார். ஒவ்வொரு குழுவின் அளவும் ஏன் வேறுபடுகிறது என்று மாணவர்களோடு சேர்ந்து தேட, அளவெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் வேண்டும். உரை தேவையில்லை. மொத்தம் 80 நிமிடம், இரண்டு பாடவேளை. 12, 14, 19 ஆகிய மூன்று தேதிகளில் ஏதாவது ஒன்றில் காலை 10 மணி. வகுப்பு முழுக்க நானும் உடன் இருப்பேன். இயலாது என்றால் ‘இயலாது’ என்ற ஒரு வார்த்தை போதும். வேறு யாரையாவது கைகாட்டினால் மிகவும் நல்லது.”

‘உரை தேவையில்லை’ என்பதைப் படித்ததும் பலருக்குப் பாதிப் பயம் போய்விடும். மேடைப் பேச்சு வராது என்பதாலேயே தயங்குபவர்கள் ஏராளம். மூன்று தேதிகளைத் தந்தால் ஒன்றைத் தொட்டுச் சொல்லிவிடலாம்; ‘உங்களுக்கு வசதியான நாள்’ என்று விட்டால் நாள் அமையவே அமையாது. கடைசி வரியை நீக்க வேண்டாம். மறுப்பதைச் சுலபமாக்கினால்தான் மறுப்பாவது வரும், வந்தால் அடுத்த ஆளுக்கு எழுதலாம். ஏழு நாளில் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம்.

வருகைக்கு முன் இருபது நிமிடம்

போனில் பேசியே ஆக வேண்டும், எழுத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். மாணவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்லுங்கள். “வர்க்கமூலம் தெரியும், முக்கோணவியல் தெரியாது” என்கிற அளவுக்குத் துல்லியமாகச் சொன்னால்தான் அவருக்குப் பிடிபடும். அவர் அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்லைடு கொண்டுவருகிறேன் என்றால் அதிகபட்சம் மூன்று என்று அன்போடு கறாராகச் சொல்லிவிடுங்கள். வாசலில் யார் வரவேற்பார், எந்தக் கதவு, வண்டி எங்கே நிறுத்துவது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் காவலரிடம் கால் மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றவர் அடுத்த முறை வரமாட்டார்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்

மேலே சொன்ன ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். 36 பேர், நான்கு பேராக ஒன்பது குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மீட்டர் நூல், கனமான இரும்பு நட்டு ஒன்று, அளவுகோல், நிறுத்துக் கடிகாரம் அல்லது ஆசிரியர் தரும் கைபேசி, மேசை விளிம்பில் ஒட்ட ஒரு பென்சில், டேப். ஊசலின் நீளங்கள் 64, 36, 16 செ.மீ.

இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. வழக்கமாக எல்லோரும் 100 செ.மீ. என்று எழுதிவிடுவார்கள். மேசையின் உயரமே சுமார் 75 செ.மீ.தான், நட்டு தரையில் இடிக்கும்போதுதான் அது தெரியவரும். தவிர, 64, 36, 16 ஆகியவற்றின் வர்க்கமூலம் 8, 6, 4. பத்து அலைவுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 16, 12, 8 வினாடி. யாரும் சொல்லாமலே இரண்டு வரிசைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கிற மாணவர் ஒருவராவது இருப்பார்.

நேரப் பங்கீடு: அறிமுகம் 5 நிமிடம், கட்டித் தொங்கவிட 10, அளக்க 30, எல்லா அளவையும் பலகையில் எழுதி ஒப்பிட 20, வந்தவரிடம் கேள்வி கேட்க 15.

ஒன்பது குழுவின் எண்களும் பலகையில் ஏறியதும் தன்னார்வலரின் வேலை தொடங்குகிறது. 64 செ.மீ. ஊசலுக்கு ஒரு குழு 14.4 வினாடி என்று எழுதியிருக்கும். நட்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள்; பத்து என்று சொல்லும்போது ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும். இன்னொரு குழுவுக்கு 17-க்கு மேல் போயிருக்கும். அவர்கள் நட்டை 60 பாகை அளவுக்கு உயர்த்தி விட்டவர்கள். அவ்வளவு அகலமாக ஆடினால் நேரம் சுமார் 7 விழுக்காடு கூடும். 16.3 வந்த குழு நூலை முடிச்சு வரை அளந்திருக்கும், நட்டின் மையம் அதற்கும் இரண்டு செ.மீ. கீழே இருக்கும்.

தன்னார்வலர் எதையும் உடைத்துச் சொல்லக் கூடாது. “எண்ண ஆரம்பித்தபோது வாயில் வந்த முதல் எண் எது? இன்னொரு தடவை உரக்க எண்ணிக் காட்டுங்கள்” என்றால் போதும், பிடித்துவிடுவார்கள். ‘பூஜ்யம்’ என்று சொல்லி நட்டை விட வேண்டும் என்பது பிறகு வகுப்பின் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிடும். ஒரு அலைவை அளக்காமல் பத்தை ஏன் அளக்கிறோம் என்ற கேள்வியும் இங்கேதான் எழும். பொத்தானை அழுத்துவதில் கை செய்யும் பிசகு பத்தாக வகுபடுகிறது என்பதை, தினமும் அளப்பவர் சொன்னால் அதற்குத் தனி எடை உண்டு.

வந்தவருக்கு இன்னொரு விஷயத்தையும் முன்பே சொல்லிவையுங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று வினாடியாக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். தன்னார்வலர்களுக்கு இது இன்னும் கடினம். மௌனம் விழுந்தால் வகுப்பு கைவிட்டுப் போய்விட்டதாக நினைத்து, தாமே விடையைச் சொல்லிவிடுவார்கள். மனதுக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள்.

வழிகாட்டி என்பது வேறு வேலை

ஒருநாள் வருகையும் வாராவாரம் வழிகாட்டுவதும் ஒன்றல்ல. வருகைக்கு நன்றாக வந்தவர் நல்ல வழிகாட்டியாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. செயல்திட்டத்துக்கு ஆள் தேடினால் ஆறிலிருந்து எட்டு வாரம், வாரம் 45 நிமிடம், முடியும் தேதி எது என்று எழுதிக் கொடுங்கள். முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தம் மூன்றாவது வாரத்தில் தேய ஆரம்பித்துவிடும். ஒரு வழிகாட்டிக்கு நாலைந்து மாணவர்கள் போதும். பத்துப் பேரைக் கொடுத்தால் அது மறுபடியும் வகுப்பாகிவிடும்.

அடிக்கடி நடக்கும் விபத்து: வழிகாட்டியே செயல்திட்டத்தைச் செய்து முடித்துவிடுவது. காட்சி நாளில் மின்சுற்று கச்சிதமாக இருக்கும், மாணவருக்கு அதில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாது. இதற்கு ஒரே விதி போதும்: கருவி எப்போதும் மாணவரின் கையில். வழிகாட்டி காட்ட வேண்டுமானால் தனியாக வேறொரு துண்டில் காட்டட்டும்.

குறைந்தது ஒரு மாற்று ஆளையாவது முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறுவதும் ஊர் மாறுவதும் சகஜம்.

தொலைவில் இருப்பவர்களோடு

2017-இல் கணவாய் மீன் ஆராய்ச்சியாளர் சாரா மெக்அனால்ட்டி தொடங்கிய ‘ஸ்கைப் எ சயின்டிஸ்ட்’, ஆசிரியர் நிரப்பும் படிவத்தை வைத்து வகுப்புக்கேற்ற விஞ்ஞானியை இணைத்துவைக்கிறது. கட்டணம் இல்லை. அழைப்பு முழுக்கக் கேள்வி-பதிலாக இருந்தால் நன்றாக ஓடும், விரிவுரையாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை கழன்றுகொள்ளும்.

வீடியோ அழைப்பில் படம் மங்கலானால் பரவாயில்லை, ஒலி போனால் எல்லாம் போச்சு. இரண்டு நாள் முன்பு அதே அறையில், அதே கணினியில், அதே நேரத்தில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வகுப்பறையின் எதிரொலி மடிக்கணினி மைக்கில் குழப்பமாகத்தான் கேட்கும். கேள்வி கேட்பவர் எழுந்து வந்து மைக்குக்கு ஒரு முழ தூரத்தில் நின்று பேசட்டும். இருபது கேள்விகளைத் தாளில் எழுதி வரிசைப்படுத்தி வையுங்கள், கடைசி ஐந்து உபரி. இணைப்பு அறுந்தால் ஸ்பீக்கரில் போட ஒரு போன் தயாராக இருக்கட்டும்.

நேர வித்தியாசத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மாற்றும் நாட்கள்கூட ஒன்றல்ல. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், அக்டோபர் கடைசியில் ஏறக்குறைய ஒரு வாரம் கணக்கு தப்பும். இரு ஊர் நேரத்தோடு உலகப் பொது நேரத்தையும் (UTC) கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னும் பெரிதாக ஆசைப்பட்டால், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு) பேச ‘அரிஸ்’ திட்டம் வழி செய்கிறது. நிலையத்தோடு பள்ளிகள் பேசுவது 2000 டிசம்பரில் தொடங்கியது. நிலையம் தலைக்கு மேலே கடந்துபோகும் சுமார் பத்து நிமிடம்தான் கிடைக்கும். ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் ‘ஓவர்’ என்று சொல்லப் பழக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பாடத்திட்டமும் கேட்பார்கள். உள்ளூர் ஹாம் ரேடியோ குழுவினரைச் சேர்த்துக்கொள்வது முதல் வேலை. அந்தப் பத்து நிமிடம் தவறினாலும் ஆன்டெனா கட்டத் தெரிந்த நாலு பேரின் பழக்கம் மிச்சமாகும்.

இணைத்துவைப்பவர்களுக்கு

பத்துப் பள்ளிகளையும் முப்பது தன்னார்வலர்களையும் இணைக்க ஒரு எக்செல் தாள் தாராளம். இந்த அளவில் செயலி கட்டப் புறப்படுவது நேர விரயம் என்பது எங்கள் கருத்து. தன்னார்வலர் தாளில் துறை, பேசும் மொழிகள், வர முடிந்த கிழமையும் நேரமும், எவ்வளவு தூரம் போவார், எந்த வயதினரோடு பழகுவார், எதைச் செய்ய மாட்டார் என்ற பத்திகள் வேண்டும். கடைசிப் பத்தியை யாரும் வைப்பதில்லை, சண்டைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. ‘கடைசியாகப் போன தேதி’ என்றும் ஒன்று சேருங்கள். இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் இரண்டு பேரையே திரும்பத் திரும்ப அனுப்பி அவர்களைக் களைப்பாக்கிவிடுவீர்கள், மற்றவர்கள் கூப்பிடாமலே விலகிவிடுவார்கள்.

பதிவு செய்த தன்னார்வலருக்கு ஒரு மாதத்துக்குள் முதல் வேலை கொடுங்கள். சிறியதாக இருந்தாலும் சரி. ஆசிரியர் எழுதிய கேள்வித்தாளைப் பார்த்துத் தருவதுகூட வேலைதான்.

பாதுகாப்பு விதிகளில் பேச்சுக்கே இடமில்லை. பின்னணிச் சரிபார்ப்பு உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறபடி. வெளியாள் எவரும் மாணவரோடு தனித்திருக்கக் கூடாது. கைபேசி எண் பரிமாற்றம் கிடையாது. செய்திகள் எல்லாம் ஆசிரியர் பார்க்கும் குழு வழியாக. பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதில்லை. இதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பேராசிரியராயிற்றே என்று யாருக்கும் தளர்த்தினால், மற்றவரிடம் கேட்க வாய் வராது.

ஆசிரியருக்கும் கொஞ்சம்

பள்ளிக்கு ஆள் வருவது ஒரு வழி என்றால், ஆசிரியர் ஆய்வுக்குள் போவது இன்னொன்று. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பன்னாட்டுப் பயிற்சியை 1998 முதல் நடத்துகிறது. 2014-இல் தொடங்கிய அதன் ‘பீம்லைன் ஃபார் ஸ்கூல்ஸ்’ போட்டியில் மாணவர் குழுக்கள் தாமே வடிவமைத்த சோதனையை முன்மொழியலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய ‘குளோப்’ திட்டம் இருக்கிறது: மேகம், வெப்பநிலை, மண் என்று மாணவர்கள் அளந்து தரும் தரவு 1995 முதல் சேர்ந்துவருகிறது. காற்றின் வெப்பநிலையைச் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்துக்கு முன்பின் ஒரு மணிக்குள் எடுக்க வேண்டும் என்பது போன்ற கறாரான நடைமுறைகளே ஆசிரியருக்கு நல்ல பயிற்சி. விண்மீன் திரள்களை (கேலக்ஸிகளை) வகைப்படுத்தும் ‘கேலக்ஸி ஸூ’ 2007-இல் தொடங்கியது, அதே வருடம் அதில் யாரும் பார்த்திராத ஒளித்திட்டு ஒன்றைக் கவனித்து “இது என்ன?” என்று கேட்டவர் ஹானி வான் ஆர்கெல், நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை. இன்று அதற்கு அவர் பெயர்தான்.

வகுப்பு முடிந்த பிறகு

48 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு எழுதுங்கள். சால்வையும் நினைவுப் பரிசும் அவசியமில்லை. பலகையில் இருந்த ஒன்பது குழுவின் எண்களைப் படம் எடுத்து, மாணவர்கள் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளோடு அனுப்புங்கள். கேள்விகளுக்கு அவர் பதில் எழுதியே ஆக வேண்டும், அதில் அடுத்த வருகைக்கான தேதியும் பேசி முடிந்துவிடும்.

உங்களுக்கென்று ஒரு நோட்டில் நான்கு வரி: யார் வந்தார், எந்தப் பாடம், எது சொதப்பியது, மறுபடி எப்போது அழைக்கலாம். நீங்கள் மாற்றலாகிப் போகும் நாளில் அந்த நோட்டை அடுத்த அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்து, தன்னார்வலர்களிடமும் அவர்களின் சம்மதத்தோடு புது ஆசிரியரை நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள்.